பூனைக்கு இன்சுலின் அளவை வீட்டில் மாற்றலாமா: கொழிஞ்சாம்பாறை டீச்சரின் கேள்விக்குப் பதில்

டீச்சர், நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விவரம் தெரியட்டும். உங்கள் சின்னுவுக்கு வயது 11. கருத்தடை செய்த ஆண் பூனை, எடை ஐந்தரை கிலோ. மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டியதில் சர்க்கரை நோய் என்று தெரிந்து, மெதுவாக வேலை செய்யும் கிளார்ஜின் இன்சுலின் காலையில் 1 யூனிட், இரவில் 1 யூனிட் என்று ஆரம்பித்திருக்கிறார்கள். பத்து நாள் ஆகியும் காலை ஊசிக்கு முன் பார்த்தால் ரத்தச் சர்க்கரை 390, இரவு ஊசிக்கு முன் 340. தண்ணீர் குடிப்பது குறையவில்லை. பல வருடமாகத் தானே இன்சுலின் போட்டுக்கொள்ளும் பக்கத்து வீட்டு அண்ணன், "ஒரு யூனிட் எந்த மூலைக்கு? மூணு போடுங்க" என்கிறார். மண்ணுத்திக்குப் போய் வந்தால் ஒரு முழு நாள் போய்விடுகிறது. அதனால் வீட்டிலேயே அளவை ஏற்றலாமா, ஏற்றினால் எப்படி, வீட்டுக்காரர் சாப்பிடும் சர்க்கரை மாத்திரையான மெட்பார்மினையும் கூடச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று யூனிட் வேண்டவே வேண்டாம். அளவு கொஞ்சம் ஏற வேண்டியிருக்கலாம், ஆனால் நீங்கள் அனுப்பிய இரண்டு எண்களை வைத்து அதைச் சொல்லவே முடியாது. இன்சுலின் அளவைத் தீர்மானிப்பது ஒரு நாளில் சர்க்கரை எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதுதான். நீங்கள் பார்த்திருப்பது இரண்டு வேளையும் ஊசியின் வேலை முடிந்து சர்க்கரை மேலே ஏறி நிற்கும் நேரம். நடுவில் என்ன நடக்கிறது என்று நமக்கு இன்னும் தெரியாது.

ஒரே எடை, ஒரே டோஸ், காலையில் ஒரே 380 காட்டும் இரண்டு பூனைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு ஊசி போட்டு ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 290. அதற்கு மருந்து போதவில்லை, ஏற்றலாம். இன்னொன்றுக்கு அதே ஆறாவது மணியில் 62. அதற்கு அளவு ஏற்கெனவே அதிகம், குறைக்க வேண்டும். இரவுக்குள் அதுவும் 350, 380 என்று ஏறிவிடும். மருந்தின் வீரியம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன்பே தீர்ந்துபோனால் அப்படி ஏறும். சர்க்கரை அபாயமாக இறங்கும்போது உடம்பே கல்லீரலிலிருந்து குளுக்கோஸை அவிழ்த்துவிடுவதாலும் ஏறலாம். ஊசிக்கு முன் எடுத்த எண்ணை மட்டும் பார்ப்பவர் இரண்டு பூனைக்கும் டோஸை ஏற்றுவார். இரண்டாவது பூனை அன்று மதியம் யாரும் பார்க்காத நேரத்தில் வலிப்பு வந்து கிடக்கும். இதற்காகத்தான் நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். சாப்பிட்டுக்கொண்டு, நடமாடிக்கொண்டு இருக்கும் பூனை 380-இல் இன்னும் ஒரு வாரம் இருந்தால் பெரிய ஆபத்து இல்லை. 30-க்கு இறங்கினால் சில மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம்.

பக்கத்து வீட்டு அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் கணக்கைப் பாருங்கள். சின்னுவைப் போல் பன்னிரண்டு மடங்கு எடை உள்ளவர் 66 கிலோ மனிதர். சின்னுவுக்கு ஒரேயடியாக இரண்டு யூனிட் ஏற்றுவது, எடைக் கணக்கில் அவருக்கு ஒரே வேளையில் 24 யூனிட் ஏற்றுவதற்குச் சமம். எந்த டாக்டரும் அவருக்கு அப்படி எழுத மாட்டார். பூனைக்குத் தொடக்க அளவாக வழிகாட்டு நூல்கள் சொல்வது கிலோவுக்கு கால் முதல் அரை யூனிட், அதுவும் எத்தனை பெரிய பூனையானாலும் வேளைக்கு 2 யூனிட்டுக்கு மேல் தொடங்கக் கூடாது என்ற வரம்போடு. மண்ணுத்தி டாக்டர் 1 யூனிட்டில் தொடங்கியது சரியான நிதானம்.

கிளார்ஜினுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது பாட்டிலுக்குள் புளிப்புத் தன்மையோடு தெளிவாக இருக்கும். தோலுக்கடியில் போனதும் மிக நுண்ணிய துகள்களாகப் படிந்து, அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்தில் சேரும். அளவை மாற்றினால் அதன் முழுப் பலன் தெரிய நாலைந்து நாளாவது ஆகும். இன்று ஏற்றி, நாளை பார்த்து, "ஒன்றும் ஆகவில்லையே" என்று மறுபடி ஏற்றினால், நாலாவது நாள் இரண்டு ஏற்றமும் சேர்ந்து இறங்கும். ஒரு மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது ஐந்து முதல் ஏழு நாள் விடுங்கள். குறைப்பதற்கு மட்டும் இந்தக் காத்திருப்பு கிடையாது. சர்க்கரை தாழ்ந்தால் அடுத்த வேளையே குறைக்க வேண்டும்.

அளவைப் பற்றி மேலே பேசுவதற்கு முன், ஒரு விஷயத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். நீங்கள் போடும் ஒரு யூனிட் உண்மையிலேயே ஒரு யூனிட்தானா?

நம் நாட்டில் பாட்டில் இன்சுலின் பொதுவாக இரண்டு வீரியத்தில் விற்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள பாட்டில் ஒன்று, ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ளது இன்னொன்று. சிரிஞ்சும் அதே போல இரண்டு வகை. 40-க்கான சிரிஞ்சுக்குப் பொதுவாகச் சிவப்பு மூடி, 100-க்கானதுக்கு ஆரஞ்சு மூடி. உங்கள் ஊரில் மருந்தைப் பாலக்காட்டில் வாங்குவார்கள், சிரிஞ்சு தீர்ந்தால் பொள்ளாச்சிக்குப் போகிறவரிடம் சொல்லிவிடுவார்கள். கடைக்காரர் "இன்சுலின் சிரிஞ்சுதானே" என்று கையில் இருப்பதைக் கொடுப்பார். 100 வீரியம் உள்ள கிளார்ஜினை, 40-க்கான சிவப்பு மூடி சிரிஞ்சில் 1 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். 2 கோடு வரை இழுத்தால் ஐந்து. ஐந்தரை கிலோ பூனைக்கு அது உயிருக்கு ஆபத்து. தலைகீழாக, 40 வீரிய மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 1 கோடு வரை எடுத்தால் போவது அரை யூனிட்டுக்கும் குறைவு, 0.4 மட்டும். அப்படி நடந்திருந்தால் சின்னுவின் 390-க்குக் காரணமே அதுவாக இருக்கலாம். பாட்டில் லேபிளில் இருக்கும் எண்ணையும் சிரிஞ்சின் மேல் அச்சடித்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பிவிடுங்கள். மூடியின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், எண்ணைப் படியுங்கள்.

அரை யூனிட் அளக்க 100 வீரியத்துக்கான 0.3 மில்லி சிரிஞ்சு, அதிலும் அரை யூனிட் கோடு போட்டது வேண்டும். எல்லாக் கடையிலும் இருக்காது, கோயம்புத்தூரில் பெரிய மருந்துக்கடையில் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள். ஒரு மில்லி சிரிஞ்சில் கண்ணால் மதிப்பிட்டு அரை யூனிட் எடுப்பது ஒவ்வொரு வேளையும் ஒவ்வொரு மாதிரி வரும். மருந்தை உப்புத் தண்ணீரில் கலந்து நீர்க்க வைத்து அளப்பதும் கூடாது. கிளார்ஜினை நீர்த்தால் அதன் புளிப்புத் தன்மை மாறி, மெதுவாக வேலை செய்யும் குணமே கெட்டுவிடும்.

சரி, இப்போது அந்த நடுவில் உள்ள நேரத்தைப் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். இதற்குக் குளுக்கோஸ் கர்வ் என்று பெயர். ஊசிக்கு முன் ஒரு தடவை, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, அடுத்த ஊசி நேரம் வரை. காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் இரவு ஏழு வரை ஏழு சொட்டு ரத்தம். எண் 100-க்குக் கீழே இறங்கினால் அதிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை. அன்று சாப்பாடும் ஊசியும் மற்ற நாள் மாதிரியே இருக்க வேண்டும், "டெஸ்ட் நாள்" என்று பட்டினி போடக் கூடாது. கிளார்ஜினுக்குப் பெரும்பாலும் நாலாவது மணியிலிருந்து எட்டாவது மணிக்குள் சர்க்கரை அடிமட்டத்துக்கு வரும், ஆனால் சில பூனைக்கு அதற்குப் பிறகும் வரும், அதனால் மதியத்தோடு நிறுத்திவிட வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் வைத்து இந்தக் கர்வை எடுப்பதைவிட வீட்டில் எடுப்பதே மேல். பூனை பயந்தால் சர்க்கரை ஏறும். நோயே இல்லாத பூனைகூட மேசை மேல் பிடித்து அமுக்கி ரத்தம் எடுக்கும்போது 250, 300 காட்டும். மூன்று மணி நேரம் பஸ்ஸில் கூடையில் கத்திக்கொண்டு வந்த பூனையின் எண்ணை வைத்து டோஸ் ஏற்றுவது எனக்கே தயக்கமாக இருக்கும். அந்த வகையில் உங்கள் வீட்டுத் திண்ணையில் எடுத்த எண்தான் டாக்டருக்கும் அதிகம் உதவும்.

ரத்தம் எடுப்பது காதின் வெளி விளிம்பில். விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய ரத்தக் குழாய் ஓடும், டார்ச் வெளிச்சத்தைக் காதின் பின்னால் பிடித்தால் தெரியும். அந்தக் குழாயையே குத்தத் தேவையில்லை, அதற்கும் காதின் ஓரத்துக்கும் நடுவே குத்தினால் போதும். முதலில் காதைச் சூடாக்குங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, உங்கள் கையில் சூடு பார்த்துவிட்டு, அரை நிமிடம் காதில் வைத்தால் ரத்தம் சுலபமாக வரும். காதின் பின்புறம் மடித்த பஞ்சை வைத்துக்கொண்டால் உங்கள் விரலில் குத்தாது. குத்தும் இடத்தில் வாசலின் லேசாகத் தடவினால் சொட்டு பரவாமல் திரண்டு நிற்கும். எடுத்த பிறகு பஞ்சால் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், இல்லையென்றால் கன்றிப்போகும். ஒவ்வொரு தடவையும் முடிந்தவுடன் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று கொடுங்கள். சில நாளில் லான்செட் (குத்தும் ஊசி) பெட்டியை எடுக்கும் சத்தம் கேட்டாலே வந்து உட்காரும் பூனைகளை நான் பார்த்திருக்கிறேன். முதல் நாலைந்து நாள்தான் சிரமம், அதற்குள் கைவிட்டுவிடாதீர்கள்.

மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் வைத்திருப்பது வீட்டுக்காரரின் மீட்டர், மனிதருக்கானது. மனித ரத்தத்தில் குளுக்கோஸ் திரவப் பகுதியிலும் சிவப்பணுவிலும் ஏறக்குறைய 58-க்கு 42 என்று பிரிந்திருக்கும். பூனை ரத்தத்தில் 93-க்கு 7. அதனால் மனித மீட்டர் பூனைக்குப் பொதுவாக உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அதற்காகப் பயன்படுத்தக் கூடாது என்பதில்லை, உலகம் முழுக்கப் பலர் அதைத்தான் வைத்துச் சமாளிக்கிறார்கள். ஒரே மீட்டர், ஒரே ஸ்ட்ரிப், காலாவதி ஆகாதது, இது மூன்றும் முக்கியம். எந்த மீட்டர் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அவர் வைக்கும் வரம்பு அதைப் பொறுத்தது. நாய், பூனைக்கென்றே ஆல்ஃபாட்ராக் என்று ஒரு மீட்டர் உண்டு, ஸ்ட்ரிப் விலையும் கிடைப்பதும்தான் கஷ்டம். குத்தவே விடாத பூனைக்கு, மனிதர்கள் மேல்கையின் பின்புறம் ஒட்டிக்கொள்ளும், சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சாரை முடியை மழித்து முதுகுப் பக்கம் ஒட்டுகிறார்கள். மனிதருக்கு 14 நாள் வரும், பூனை அதற்கு முன்பே பிய்த்துப் போடுவது சாதாரணம், ஆனால் ஒரு வாரம் ஒட்டியிருந்தாலும் ஏழு கர்வ் கையில் கிடைத்துவிடுகிறது.

கர்வ் எடுத்ததும் என்ன செய்வது? அன்றைய மிகக் குறைந்த எண்ணைத் தேடுங்கள். அது 80-க்கும் 150-க்கும் நடுவே இருந்தால் டோஸைத் தொடாதீர்கள், காலை எண் 300 என்றாலும் சரி. 150-க்கு மேலேயே நின்றுவிட்டது, பூனையும் நிறையத் தண்ணீர் குடிக்கிறது, எடையும் இறங்குகிறது என்றால் வேளைக்கு அரை யூனிட் ஏற்றலாம். சின்னு விஷயத்தில் ஒன்று, ஒன்றரை ஆகும், அவ்வளவுதான். 80-க்குக் கீழே போனால் அரை யூனிட் குறைக்க வேண்டும். 60-க்குக் கீழே போனால் அது வெறும் எண் பார்க்கும் விஷயமாக இருக்காது, உடனே சாப்பாடு கொடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். இந்த வரம்புகளை மண்ணுத்தி டாக்டரிடம் ஒரு தடவை போனில் சொல்லி, "இந்த எல்லைக்குள் நானே அரை யூனிட் மாற்றிக்கொள்ளலாமா?" என்று கேட்டு ஒப்புக்கொள்ள வையுங்கள். சின்னுவின் சிறுநீரக, கல்லீரல் ரிப்போர்ட் அவர் கையில்தான் இருக்கிறது, அவர் எல்லையை வேறு மாதிரி வைத்தால் அவர் சொல்வதே கணக்கு. கர்வை எழுதிய தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், வீட்டில் மாற்றுவதும் டாக்டர் பார்த்து மாற்றுவதும் ஒன்றாகிவிடும்.

எண்ணோடு பூனையையும் பாருங்கள். காலையில் கிண்ணத்தில் அளந்து ஊற்றி, மறுநாள் மீதியை அளந்தால் எவ்வளவு குடித்தது என்று தெரியும். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது சின்னுவுக்கு ஒரு நாளில் 550 மில்லிக்கு மேல் போனால் அது நிச்சயம் அதிகம். வாரம் ஒரு நாள் எடை. பின்னங்காலில் குதிகால் தரையில் படும்படி நடந்தால் சர்க்கரையால் நரம்பு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம், கட்டுக்குள் வந்தால் பெரும்பாலும் மெல்லத் தேறும். இந்த மூன்றும் நன்றாகிக்கொண்டு வருகிறது என்றால் மீட்டர் கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் அவசரப்பட வேண்டாம்.

அப்புறம் சாப்பாடு. இதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம் பக்கத்துப் பூனை என்ன சாப்பிடும் என்று எனக்குத் தெரியும். மத்தி மீன் தலையோடு பிசைந்த சோறு, தயிர்சாதம், சாயங்காலம் பாலில் நனைத்த பிஸ்கட், சமீப காலமாக உலர் தீனி. இதில் மீனைத் தவிர எல்லாமே மாவுச்சத்து. பூனை பிறவியிலேயே மாமிசம் தின்னும் பிராணி, சோற்றை அதன் உடம்பு சமாளிப்பது சிரமம். மாவுச்சத்து குறைந்த ஈரமான டின் உணவுக்கோ பவுச் உணவுக்கோ மாறினாலே பல பூனைக்குச் சர்க்கரை நன்றாக இறங்கும். வெறும் வேகவைத்த கோழியை மாதக்கணக்கில் கொடுக்க முடியாது, கால்சியமும், பூனைக்குக் கட்டாயம் வேண்டிய டாரின் என்ற சத்தும் போதாமல் போகும். வீட்டுச் சமையல்தான் என்றால் சேர்க்கை மருந்தை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். மத்தியைப் பச்சையாகக் கொடுக்க வேண்டாம், வேகவைத்து, உப்பு மசாலா இல்லாமல்.

இங்கேதான் பலர் கவனிக்காத ஆபத்து இருக்கிறது. சோறு தின்னும்போது சரியாக இருந்த டோஸ், சோற்றை நிறுத்திய மூன்றாவது நாளே அதிகமாகிவிடலாம். சாப்பாட்டையும் டோஸையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். முதலில் சாப்பாட்டை ஒரு வாரம் பத்து நாள் எடுத்து மெல்ல மாற்றுங்கள், அந்த நாட்களில் தினமும் ஊசிக்கு முன்னும் ஆறாவது மணியிலும் பாருங்கள். சின்னு இன்னும் சோறு சாப்பிடுகிறது என்றால், இன்சுலினை ஏற்றுவதற்கு முன் சோற்றை நிறுத்துவதையே நான் முதலில் செய்வேன். பத்து நாளில் 1 யூனிட்டே போதுமானதாகத் தெரிய வாய்ப்பு நிறைய இருக்கிறது. பட்டினி போட்டு இளைக்க வைப்பது மட்டும் கூடாது. பருத்த பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

சர்க்கரை தாழ்ந்தால் எப்படித் தெரியும்? திடீரென்று வெறி பிடித்த மாதிரி பசி, அல்லது அதற்கு நேர்மாறாக ஒரு மூலையில் சோர்ந்து கிடப்பது, தள்ளாடுவது, நடுக்கம், கண் எங்கோ வெறித்தபடி இருப்பது, கூப்பிட்டால் திரும்பாதது. கடைசியில் வலிப்பு. சந்தேகம் வந்தால் மீட்டரை எடுங்கள், மீட்டர் கைக்கு எட்டாவிட்டால் தாழ்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நினைவோடு இருந்து சாப்பிடக்கூடிய நிலையில் இருந்தால் உடனே சாப்பாடு, இந்த நேரத்தில் சோறானாலும் பரவாயில்லை. சாப்பிட முடியவில்லை என்றால் குளுக்கோஸ் பொடியைச் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்து, அல்லது தேனை, ஈறில் விரலால் தேயுங்கள். வலிப்பிலோ மயக்கத்திலோ இருக்கும் பூனையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். பல்லுக்குள் விரலையும் விடாதீர்கள், ஈறின் வெளிப்பக்கம் மட்டும். பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். தேறி எழுந்துவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. தேனின் சர்க்கரை கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும், கிளார்ஜின் மணிக்கணக்கில் வேலை செய்துகொண்டே இருக்கும், மறுபடி இறங்கும். எழுந்ததும் சாப்பாடு கொடுத்து, அப்படியே மிக அருகில் இருக்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். அந்த நேரத்தில் மண்ணுத்திக்கோ கோயம்புத்தூருக்கோ ஓட வேண்டாம். பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனையில் மாடு மட்டுமே பார்ப்பவராக இருந்தாலும் ரத்தக் குழாயில் டெக்ஸ்ட்ரோஸ் என்ற குளுக்கோஸ் ஏற்ற அவருக்குத் தெரியும். அவர் எண்ணை இப்போதே போனில் சேமித்து வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை யார் இருப்பார்கள் என்றும் கேட்டு வையுங்கள். அடுத்த வேளை ஊசியை டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

தினசரி வரும் சந்தேகங்கள் சிலவும் உண்டு. ஊசிக்கு முன் பார்த்த எண் 200-க்குக் கீழே இருந்தால், இந்த ஆரம்ப வாரங்களில், ஊசி போடாமல் முதலில் டாக்டரைக் கூப்பிடுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை வழக்கமான அளவு மட்டும், இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. ஊசி போடும்போது பூனை துள்ளி, மருந்து உள்ளே போனதா முடியில் போனதா என்று தெரியவில்லை என்றால், மறுபடி போடாதீர்கள். ஒரு வேளை சர்க்கரை ஏறினால் ஏறட்டும். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் காலண்டரில் ஊசி போட்டவர் டிக் அடிக்கும் பழக்கம் கட்டாயம் வேண்டும், "நீ போடலையா" என்று இரண்டு பேரும் போட்டுவிடும் விபத்து எல்லா ஊரிலும் நடக்கிறது. முதலில் சாப்பாடு வையுங்கள், சாப்பிடுகிறது என்று பார்த்த பிறகு ஊசி. பாதிகூடச் சாப்பிடவில்லை என்றால் முழு டோஸ் வேண்டாம், பாதி போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

சாப்பிடாததோடு வாந்தியும் சோர்வும் சேர்ந்தால், மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவம் போன்ற அசிட்டோன் வாடை வந்தால், அது கீட்டோன் ஏறுவது, அதாவது உடம்பு சர்க்கரைக்குப் பதில் கொழுப்பை எரித்து ரத்தம் அமிலமாவது. அன்று வீட்டில் டோஸ் கணக்கு பார்க்கும் நாளே கிடையாது, அன்றே ஆஸ்பத்திரி. மருந்துக்கடையில் கீட்டோன் பார்க்கும் சிறுநீர் ஸ்ட்ரிப் கிடைக்கும், ஒரு டப்பா வாங்கி வையுங்கள். அதே ஸ்ட்ரிப்பில் சிறுநீர்ச் சர்க்கரை கட்டமும் இருக்கும், அதைப் பார்த்து இன்சுலினை ஏற்ற வேண்டாம். ரத்தத்தில் 250, 300 தாண்டினால்தான் பூனையின் சிறுநீரில் சர்க்கரை இறங்கும், கீழ்மட்டம் எங்கே என்று அது சொல்லவே சொல்லாது.

மருந்தைப் பாதுகாப்பதும் டோஸ் கணக்கில் சேரும். பங்குனி, சித்திரையில் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் 40 டிகிரி தொடுகிறது. இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிரிட்ஜின் கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடு ஏறும், பின்பக்கச் சுவரை ஒட்டி வைத்தால் உறையும். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. நடுத்தட்டில் ஒரு டப்பாவுக்குள் வைப்பது நல்லது. கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்காமல் விடுங்கள். கிளார்ஜின் எப்போதும் தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கினாலோ துகள் மிதந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். நேற்று வரை கட்டுக்குள் இருந்த பூனைக்குத் திடீரென்று எண் ஏறினால், டோஸை ஏற்றுவதற்கு முன் புதுப் பாட்டில் திறந்து பாருங்கள்.

அரை அரையாக ஏற்றி வேளைக்கு ஐந்தாறு யூனிட் வந்தும் இறங்கவில்லை என்றால் தவறு இன்சுலினில் இருக்காது, வேறு ஏதோ அதை எதிர்க்கிறது. சொத்தைப் பல், ஈறு வீக்கம், சிறுநீர்த் தொற்று, கணைய அழற்சி, மூளையடிச் சுரப்பியில் கட்டி வந்து வளர்ச்சி ஹார்மோன் அதிகமாவது, இவற்றைத் தேட வேண்டும். இன்னொன்று, தோல் அரிப்புக்கோ ஆஸ்துமாவுக்கோ போட்ட ஸ்டீராய்டு. பல வாரம் உடம்பில் நிற்கும் ஸ்டீராய்டு ஊசி ஒன்றே சர்க்கரை நோயை வரவழைத்துவிடும். கடந்த ஆறு மாதத்தில் சின்னுவுக்கு அப்படி ஏதாவது போட்டிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். அதன் தாக்கம் குறையும்போது இன்சுலின் தேவையும் சடசடவென்று குறையும்.

குறைவதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பூனைக்கு இந்த நோய் விலகிப்போவதும் உண்டு. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, சோற்றை நிறுத்தி, முதல் சில மாதங்களில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கணைய செல்கள் ஓய்வெடுத்துத் தேறி மறுபடி இன்சுலின் சுரக்கத் தொடங்கும். அப்போது நேற்றுச் சரியாக இருந்த 1 யூனிட் இன்று அதிகமாகும். அரை யூனிட் ஆக்கி, பிறகு ஒரு வேளை ஆக்கி, நிறுத்தும் பூனைகள் உண்டு. நன்றாகிவிட்டது என்று சோதிப்பதை விட்டுவிடும் வீடுகளில்தான் அந்தச் சமயத்தில் தாழ்சர்க்கரை வருகிறது. எண் நன்றாக வர ஆரம்பித்த பிறகு இன்னும் கவனமாகப் பாருங்கள்.

கடைசியாக மாத்திரை. மெட்பார்மின் பெரும்பாலும் பூனைக்குச் சர்க்கரையைக் குறைப்பதில்லை, வாந்தியும் பசியின்மையும்தான் மிஞ்சும், இன்சுலின் போடும் பூனை சாப்பிடாமல் போனால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன். பூனைக்கென்றே சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மருந்துகள் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் பெக்ஸாகிளிஃப்ளோசின் 2022 டிசம்பரிலும் வெலாகிளிஃப்ளோசின் 2023 ஆகஸ்டிலும் அனுமதி பெற்றன. அதைப் படித்துவிட்டு, அதே குடும்பத்தைச் சேர்ந்த டாபாகிளிஃப்ளோசினை, மனிதருக்கு உள்ளதை உடைத்துக் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். கூடாது. அந்த மருந்துகள் இதுவரை இன்சுலினே போடாத, மற்றபடி ஆரோக்கியமாக இருக்கும் பூனைக்கு மட்டும்தான், அதுவும் ரத்தப் பரிசோதனை செய்து தேர்ந்தெடுத்த பிறகு. இன்சுலின் தேவைப்படும் பூனைக்குக் கொடுத்தால் மீட்டரில் சர்க்கரை நல்ல எண்ணாகவே காட்டும், உள்ளே கீட்டோன் ஏறிக்கொண்டிருக்கும். சின்னுவுக்கு இன்சுலின் ஆரம்பித்தாகிவிட்டது, அந்த மாத்திரைகள் அதற்கு வேண்டாம். இன்று சிரிஞ்சையும் பாட்டிலையும் ஒப்பிட்டுப் பாருங்கள், இந்த வாரம் சோற்றைக் குறைக்கத் தொடங்குங்கள், அது நிலைப்பட்ட பிறகு வரும் ஒரு விடுமுறை நாளில் கர்வ் எடுத்து அந்தத் தாளை டாக்டருக்கு அனுப்புங்கள். அதுவரை வேளைக்கு 1 யூனிட்டே போகட்டும், டீச்சர்.